பெரணியைத் தின்னும் பச்சைப் புழு: மருந்துக்கு முன் கால்களை எண்ணுங்கள்

பெரணி இலையின் ஓரங்கள் கடிபட்டு நடுநரம்பு மட்டும் நிற்கும். புரட்டினால் அடியில் இலை நிறத்திலேயே ஒரு புழு. உடனே அந்துப்பூச்சிப் புழு என்று முடிவுகட்டி பி.டி. (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாவால் ஆன மருந்து) தெளிக்கிறார்கள், புழு சாவதில்லை. புழுக்களுக்கென்று விற்கும் பி.டி. குர்ஸ்டாகி, அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி இனங்களின் புழுக்களுக்கு மட்டுமே வேலை செய்யும். நீங்கள் பார்த்தது ரம்ப ஈயின் புழுவாக இருக்கலாம். பெயரில்தான் ஈ, இனத்தால் அது குளவிக்கும் தேனீக்கும் உறவு.

பத்து மடங்கு கைலென்ஸ் போதும். முன்பக்கம் மூன்று ஜோடி உண்மைக்கால்கள் இரண்டு வகைக்கும் உண்டு. அதற்குப் பின்னால் வரும் சதைப்பற்றான போலிக்கால்களை எண்ணுங்கள். அந்துப்பூச்சிப் புழுவுக்கு ஐந்து ஜோடிக்கு மேல் இருக்காது. நுனியில் நுண்ணிய கொக்கிகள் இருக்கும். பெரணி தின்னும் ரம்ப ஈப் புழுவுக்கு ஏழு அல்லது எட்டு ஜோடி, கொக்கி கிடையாது. எண்ணும்போது குழம்பினால் இடைவெளியைப் பாருங்கள்: உண்மைக்காலுக்கும் முதல் போலிக்காலுக்கும் நடுவே காலில்லாத உடல் வளையம் ஒன்றே ஒன்று என்றால் ரம்ப ஈ, இரண்டோ அதற்கு மேலோ என்றால் அந்துப்பூச்சி. கண்ணும் காட்டிக்கொடுக்கும். ரம்ப ஈப் புழுவின் தலையில் பக்கத்துக்கு ஒன்றாக, மைப்புள்ளி வைத்தது போல ஒற்றைக் கண். அந்துப்பூச்சிப் புழுவுக்குப் பக்கத்துக்கு ஆறு வரை சிறு கண்கள்.

முட்டையைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். தாய்ப்பூச்சி ரம்பம் போன்ற உறுப்பால் திசுவைக் கீறி உள்ளே முட்டையைச் செருகிவிடும். இலையடியில் வரிசையாகத் தெரியும் பழுப்புப் புள்ளிகள் பெரணியின் சொந்த வித்துக்கூடுகள். அவற்றைச் சுரண்டி எடுப்பவர்கள் நிறையப் பேர்!

இனத்தின் பெயர் வேண்டுமென்றால் பெரணியின் பெயரிலிருந்து தொடங்குங்கள். பிராக்கன் பெரணியில் ஸ்ட்ராஞ்சைலோகாஸ்டர், அனியூக்மீனஸ் என்ற ரம்ப ஈப் பேரினங்கள் மேயும். தண்டில் துளையும் அதன் வாயில் நுரையும் தெரிந்தால் அது வேறொரு ரம்ப ஈக் குடும்பம், பிளாஸ்டிகோடோமிடே. புழு தண்டுக்குள் இருக்கும். புழுவை மட்டும் வைத்து இனத்தை உறுதியாகச் சொல்ல முயல வேண்டாம், வளர்த்துப் பாருங்கள். மூடியில் துளையிட்ட புட்டியில் ஈரமண்ணோடு ஒரு துண்டு மக்கிய கட்டையும் போடுங்கள். ஸ்ட்ராஞ்சைலோகாஸ்டர் புழுக்கள் கூட்டுப்புழுவாக மாறுவதற்கு மரத்தைத் துளைத்து உள்ளே போகும். கட்டை இல்லாத புட்டியில் அலைந்தே செத்துவிடும். ஈரம் கூடினால் பூஞ்சணம், குறைந்தால் வற்றல். வெளிவரும் பூச்சிக்குக் குளவி இடுப்பு இராது, கொட்டவும் செய்யாது. பெண்ணின் ரம்பப் பற்களை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் நெருங்கிய இனங்களைப் பிரிப்பார்கள்.

தொட்டிச் செடியென்றால் அடியில் வெள்ளைத்தாள் விரித்து இலையைத் தட்டுங்கள். புழு சுருண்டு விழும். சோப்பு நீரில் போட்டுவிடலாம். பூச்சிக்கொல்லி சோப்புக் கரைசலோ வேப்பெண்ணெயோ தெளிப்பதானால் முதலில் ஒரே ஒரு இலையில் அடித்து இரண்டு நாள் பாருங்கள், பெரணியின் மெல்லிய இலை எளிதில் கருகும். சோப்பு புழுவின் உடலில் பட்டால்தான் கொல்லும், ஆகவே அடிப்பக்கம் நனைய வேண்டும். காட்டுப் பெரணியில் கண்டால் விட்டுவிடுங்கள். மண்ணுக்கடியில் கிழங்குத்தண்டு நன்றாக இருக்கும்வரை புதிய சுருள்கள் வரும்.