எட்டு வரைக்கும் ஆல் பாஸ்தானே, டீச்சர்?

போன வாரம் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட வந்தார். கணக்கில் நூற்றுக்கு 18. "விடுங்க டீச்சர், எட்டு வரைக்கும் ஆல் பாஸ்தானே. ஒன்பதாவதுல நல்ல ட்யூஷனா பார்த்துச் சேர்த்துடுறேன்" என்றார். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு மனம் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் முன்னாலேயே பையனை அழைத்து, அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னேன். மேலே ஒன்றும் ஒன்றும் 2, கீழே இரண்டும் மூன்றும் 5. 2/5 என்று எழுதினான். "சரி, அரை பெரிசா, 2/5 பெரிசா?" என்றேன். "2/5தான் டீச்சர், நம்பர் பெருசா இருக்கே." அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தோம், விடை அரையைவிடக் குறைந்துவிட்டது. அது அவனுக்கு உறுத்தவேயில்லை.

இவன் சோம்பேறி இல்லை. வீட்டுப்பாடத்தை ஒருநாள்கூட விடாதவன். தொடக்கப் பள்ளியில் பின்னம் பிடிபடாமல் போனது, அவ்வளவுதான். அதன் மேலேயே விகிதம், சதவீதம் என்று பாடங்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன.

ஆல் பாஸ் என்றால் என்ன? 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கக் கூடாது என்றது. ஃபெயிலான அவமானத்தில் பிள்ளைகள் படிப்பையே விட்டுவிடக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு அது. மத்திய அரசு 2019இல் அதைத் திருத்தி, மாநிலங்கள் விரும்பினால் 5, 8 வகுப்புகளில் தேர்வு வைத்து நிறுத்தி வைக்கலாம் என்றது. தமிழ்நாட்டிலும் அந்த வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவித்து, 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள். கைவிட்டது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அடுத்த வகுப்புக்குப் போவது வேறு, பாடம் தெரிவது வேறு. பிள்ளைக்குத் தெரிகிறதா என்று தொடர்ந்து மதிப்பிடச் சொல்வதும் அதே சட்டம்தான். ஒன்பதாவதில் ட்யூஷன் மாஸ்டர் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தைத்தான் நடத்துவார். பின்னத்துக்குத் திரும்பிப் போக அவருக்கு ஏது நேரம்? அதற்குள் பையனும் 'எனக்குக் கணக்கு வராது' என்று முடிவு கட்டியிருப்பான்.

மார்க்கை மட்டும் கேட்காதீர்கள். நோட்டைத் திறந்து ஒரு கணக்கைச் செய்து காட்டச் சொல்லுங்கள். தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும், திக்குவது காதில் விழும். விழுந்தால் மறுநாளே பள்ளிக்கு வாருங்கள், காலாண்டுத் தேர்வு வரை காத்திருக்க வேண்டாம். அடிக்காதீர்கள். நாலு பேர் முன்னால் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். பன்னிரண்டு, பதிமூன்று வயதில் அது ஆறவே ஆறாது. ராத்திரி செல்போனை வாங்கி வைத்துவிடுங்கள்.

பெண்பிள்ளைகளின் அம்மாக்களிடம் கெஞ்சியே கேட்கிறேன். வயதுக்கு வந்ததும் சடங்கு முடியும் வரை வாரக்கணக்கில் வீட்டிலேயே உட்கார வைக்காதீர்கள். அந்த நாட்களில் நடந்த பாடம் அவளுக்காகத் திரும்பி வராது. மாதாமாதம் லீவு போடுகிறாள் என்றால், வலியா, பள்ளிக் கழிப்பறை பிரச்சினையா என்று கேட்டு எங்களிடம் சொல்லுங்கள்.

அந்தப் பையனோடு இப்போது மதிய இடைவேளையில் காகிதம் மடிக்கிறேன். ஒரே அளவில் இரண்டு தாள். ஒன்றை இரண்டாக, இன்னொன்றை மூன்றாக மடித்து, பிறகு இரண்டையுமே ஆறு கட்டங்களாக்கினோம். நேற்று அரைக்கு மூன்று கட்டம், மூன்றில் ஒன்றுக்கு இரண்டு கட்டம் என்று அவனே வண்ணம் தீட்டி, எண்ணி, 5/6 என்று எழுதினான். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அவன் அப்பாவை மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன்.