கல்லைக் கழுவிக் கொண்டுவராதீர்கள்

சென்ற வாரமும் ஒருவர், இங்கிலாந்தின் நார்ஃபோக் கடற்கரையில் எடுத்த சிக்கிமுக்கிக் கல்லைத் தேய்த்துக் கழுவி, நெகிழிப் பையில் கொண்டுவந்து, "இது எத்தனை ஆண்டு பழையது?" என்று கேட்டார். எங்கே கிடைத்தது என்றதற்கு, "கரையோரம் எங்கோ" என்றார். அதன் விளிம்பில் மனிதக் கை சில்லு பெயர்த்த தழும்புகள் தெளிவாகத் தெரிந்ததால்தான் எனக்கு மனம் ஆறவில்லை.

கல்லின் வயது கல்லுக்குள்ளேயே இருக்கிறது, ஆய்வகத்தில் கொடுத்தால் சொல்லிவிடுவார்கள் என்று பலரும் நம்புகிறார்கள். அது தவறு. கார்பன் சோதனை ஒருகாலத்தில் உயிரோடு இருந்த பொருளுக்கு மட்டுமே பொருந்தும். அதுவும் சுமார் 50,000 ஆண்டுகளைத் தாண்டாது. தீயில் சுட்ட கல்லுக்கு வேறு முறை உண்டு, ஆனால் கரையில் பொறுக்கும் கற்கள் பெரும்பாலும் அப்படிப்பட்டவை அல்ல. கல்லோ கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் உருவானது. மனிதன் அதை உடைத்த காலத்தைச் சொல்வது அது புதைந்திருந்த மண்ணடுக்கு.

அதே கடற்கரையிலுள்ள ஹேஸ்பரோவில் (ஆங்கிலத்தில் Happisburgh என்று எழுதுவார்கள், ஊரார் சொல்வது இப்படித்தான்) கிடைத்து, 2010இல் அறிவிக்கப்பட்ட கற்கருவிகள் 8 லட்சம் ஆண்டுகளுக்கும் முந்தையவை என்று நாம் அறிந்தது மண்ணால்தான். அந்த வண்டலில் பதிந்திருந்த காந்தத் திசை இன்றைய திசைக்கு நேர்மாறாக இருந்தது. புவியின் காந்தம் கடைசியாகத் திரும்பியது சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன். ஆகவே அந்த வண்டல் அதற்கும் முன்பே படிந்திருக்க வேண்டும். அங்கே குளிர் இருந்தது என்பதையும் கருவிகள் சொல்லவில்லை. ஊசியிலை மரங்களின் மகரந்தமும், நகக்கண் அளவுகூட இல்லாத வண்டுகளின் சிறகு ஓடுகளும், குளிர்காலச் சராசரி வெப்பநிலை 0 முதல் −3 பாகை செல்சியஸ் வரை இருந்திருக்கும் என்று காட்டின. அந்த மனிதர்கள் ஆடை உடுத்தார்களா, தீ மூட்டினார்களா என்பதற்கு அங்கே இதுவரை சான்று கிடைக்கவில்லை. ஒருவேளை அது ஒரு கைப்பிடிக் களிமண்ணில் இருக்கலாம், நீங்கள் குழாயடியில் கழுவிவிடும் அதே களிமண்ணில்.

ஆகவே, மண்ணில் பதிந்த கல்லைக் கண்டால் பிடுங்காதீர்கள். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படமெடுங்கள். பின்னர் சற்று விலகி நின்று, சுற்றுப்புறமும் தெரியும்படி இன்னொன்று எடுங்கள். கைப்பேசியில் இடத்தைக் குறித்து, அப்பகுதித் தொல்பொருள் அலுவலருக்கு அன்றே தெரிவியுங்கள். கரைமேட்டின் சரிவை ஒருபோதும் தோண்டாதீர்கள், அது தலைமேல் சரியும். அலை கொண்டுபோகும் நிலையில் தனியே கிடந்தால் மட்டும் எடுங்கள். அப்போதும் ஒட்டியிருக்கும் மண்ணோடு எடுங்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

2013 மே மாதம் அதே ஹேஸ்பரோவில் மணல் விலகி, அந்த ஆதிகாலத்துப் பெரியவர்களும் சிறுவர்களும் நடந்த காலடித் தடங்கள் வெளிப்பட்டன. குழிகளில் நிறைந்த மழைநீரை அகற்றியபடியே ஆய்வாளர்கள் படமெடுத்தார்கள். இரண்டு வாரங்களுக்குள் கடல் அவற்றை அழித்துவிட்டது. அந்தப் படங்களை வைத்துத்தான் இன்றும் அவர்களின் உயரத்தைக் கணக்கிடுகிறோம்.