டிப்ஸ்: மேசையில் வைக்கும் காசுக்குத் தமிழில் என்ன பெயர்?

சாப்பிட்டு முடித்ததும் பில்லோடு சோம்பும் மீதிச் சில்லறையும் வருகின்றன. அதில் இருபது ரூபாயை அப்படியே விட்டுவிட்டு எழுந்தால் அது டிப்ஸ். ஒரே ஒரு தாளை வைத்தாலும் தமிழில் டிப்ஸ்தான். 'டிப்' என்று ஒருமையில் சொன்னால் நமக்கு நூலில் தொங்கும் தேயிலைப் பைதான் ஞாபகம் வரும். வினையையும் பாருங்கள்: ஓட்டலில் டிப்ஸை நாம் கொடுப்பதைவிட 'வைப்பது'தான் அதிகம். கைக்குக் கை போனால் இருவருக்கும் கொஞ்சம் கூச்சம்.

இந்தச் சொல்லுக்கு ஒரு பிறப்புக் கதை உலவுகிறது. 'சேவை விரைவாகக் கிடைக்க' என்ற பொருளுள்ள மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்ததாம். நம்ப வேண்டாம். முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் செய்யும் வழக்கம் ஆங்கிலத்தில் 20ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. டிப் அதைவிட மிகப் பழையது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் திருடர்களின் குழூஉக்குறியில் டிப் என்றால் 'கொடு, கைமாற்று' என்று பொருள். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்களே, அந்த வகை. அடுத்த நூற்றாண்டில்தான் அது பணியாளுக்குக் கொடுக்கும் சிறு காசைக் குறிக்கத் தொடங்கியது.

மற்ற மொழிகளில் போய்ப் பார்த்தால் தொண்டை நனைகிறது. பிரெஞ்சில் 'பூர்புவார்', அதாவது குடிப்பதற்கு. ஜெர்மனில் 'டிரிங்க்கெல்ட்', குடிகாசு. போலந்து மொழிச் சொல்லுக்குள் பீர் இருக்கிறது. ஸ்பானிய 'புரொபினா'வின் வேர், ஒருவர் நலம் வாழ்த்திக் குடிப்பது. ரஷ்யர்கள் மட்டும் 'தேநீருக்கு' என்கிறார்கள். நம் ஊரில் தலையைச் சொறிந்தபடி "டீ செலவுக்கு ஏதாவது பாத்துக் குடுங்க சார்" என்பவர் ரஷ்ய மொழி படித்தவர் அல்லர். ஆனால் இருவர் மனசும் ஒரே கெட்டிலில்தான் கொதிக்கிறது.

பெயர்கள் ஒத்துப்போனாலும் வழக்கங்கள் ஒத்துப்போவதில்லை. அமெரிக்காவில் டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி தரவேண்டிய கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர், 1991 முதல் அதே தொகை. மற்றவர்களுக்கு 7.25. டிப்ஸ் அந்த இடைவெளியை நிரப்பாவிட்டால் மீதியை முதலாளி தரவேண்டும் என்பது சட்டம். பல மாநிலங்கள் இதைவிடக் கூடுதலாக வைத்திருக்கின்றன என்றாலும், பில்லில் 15 முதல் 20 விழுக்காடு வைப்பது அங்கே எழுதப்படாத விதி. நன்றி என்று பெயர், உள்ளே இருப்பது சம்பளம். ஜப்பானில் நேர் எதிர். மேசையில் காசை விட்டுவந்தால், மறந்துவிட்டீர்கள் என்று ஊழியர் பின்னாலேயே ஓடி வந்து நீட்டக்கூடும். பாரம்பரிய விடுதிகளில் மட்டும் 'கொகொரோசுகே' என்று உறையில் இட்டுக் கொடுப்பதுண்டு.

இந்தியாவில் குழப்பம் வேறு. பில்லிலேயே அச்சாகி வரும் சேவைக் கட்டணம் வேறு, டிப்ஸ் வேறு. அந்தக் கட்டணத்தை உணவகம் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதைச் சரி என்றது.

சரி, தமிழில் என்ன சொல்வது? அரபு வழி வந்த இனாம் ஒரு காலத்தில் இந்த வேலையைச் செய்தது. இன்று "இனாமா கிடைச்சுது" என்றால் ஓசி என்றே பொருள். பாரசீக பக்ஷீஸ் பழைய கதைகளோடு நின்றுவிட்டது. அகராதிக்காரர்கள் அன்பளிப்பு என்பார்கள். அதைக் கல்யாணப் பத்திரிகையும் லஞ்ச வழக்கும் பங்கு போட்டுக்கொண்டன. கையூட்டு சுத்தமாக லஞ்சம். பணிக்கொடை ஓய்வுபெறும்போது வருவது. ஈகை என்று தொடங்கும் எதுவும் எனக்கு ஒப்பவில்லை. 'ஈ' என்று கேட்பவன் தாழ்ந்தோன், 'தா' என்பவன் ஒத்தவன், 'கொடு' என்பவன் உயர்ந்தோன் என்று தொல்காப்பியமே படி பிரித்து வைத்திருக்கிறது. இட்லி கொண்டுவந்த அண்ணனை எதற்குக் கீழ்ப்படியில் நிறுத்துவது?

"சந்தோஷமா எதாவது குடுங்க" என்பதிலிருந்து வந்த 'சந்தோஷம்' அழகுதான், ஆனால் எழுத்தில் பொருள் மயங்கும். என் ஓட்டு டீக்காசுக்கு. எழுத்துத் தமிழ்தான் வேண்டும் என்றால் தேநீர்க்காசு. கேட்டவுடன் புரிகிறது, யாரையும் தாழ்த்தவில்லை, தொகையும் சிறியது என்று அதுவே சொல்லிவிடுகிறது.

நூறு டாலர் சாப்பாட்டுக்கு இருபது டாலர் வைக்கும் அமெரிக்க வழக்கத்துக்கு மட்டும் இது ஒட்டாது. அதை டிப்ஸ் என்றே எழுதிவிட்டுப் போகலாம்.