பையன்களிடம் யார் பேசுவது?

பெண் பிள்ளை பெரியவளானால் எங்கள் கடலோர ஊர்கள் பலவற்றில் பிளக்ஸ் வைத்து, மைக் செட் கட்டி ஊருக்கே அறிவிக்கிறோம். அவள் உடம்பில் என்ன நடந்தது என்பதை மட்டும் அவளிடம் சொல்வதில்லை. ஆனாலும் அம்மா, அத்தை, பள்ளியில் தரும் நாப்கின் என்று அவளுக்கு ஏதோ ஒரு வழி உண்டு. பையனுக்கு அதுவும் கிடையாது. அப்பா படகில் போயிருப்பார், இல்லாவிட்டால் துபாயில் இருப்பார்.

மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பக்கமிருந்து டாக்டரான என்னிடம் வரும் பதினைந்து, பதினாறு வயதுப் பையன்கள் வேறு எதையாவது சொல்லித்தான் உள்ளே வருகிறார்கள். தலை சுற்றுகிறது, கை நடுங்குகிறது, சாப்பாடு இறங்கவில்லை. "ரத்தம் இல்லை போல, ஒரு டானிக் எழுதிக் குடுங்க சார்" என்பார் அம்மா. அவரை வெளியே உட்காரச் சொன்ன பிறகுதான் விஷயம் வரும்.

"சார், தாது போகுது."

தூக்கத்தில் விந்து வெளியேறியிருக்கும், அல்லது சுய இன்பப் பழக்கம் இருக்கும். ஒரு சொட்டு விந்து 40 சொட்டு ரத்தத்துக்குச் சமம், நரம்பு தளர்ந்துவிடும், கல்யாணமே பண்ண முடியாது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். படகில் கூட வரும் அண்ணன், செல்போன் வீடியோ, பஸ் ஸ்டாண்ட் கழிப்பறையில் ஒட்டிய நோட்டீஸ் என்று அவனுக்கு வாத்தியார்கள் நிறைய.

அந்த ரத்தக் கணக்கு சுத்தப் பொய். விந்தில் பெரும்பகுதி விந்துப்பையிலும் புராஸ்டேட் சுரப்பியிலும் ஊறும் நீர். உடம்பு அதை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். தூக்கத்தில் வெளியேறுவது சிலருக்கு அடிக்கடி நடக்கும், சிலருக்கு நடக்கவே நடக்காது, இரண்டுமே நோயில்லை. சுய இன்பத்தால் ரத்தமும் குறையாது, நரம்பும் தளராது. அப்புறம் ஏன் நிஜமாகவே கை நடுங்குகிறது? பயத்தில்தான். மாதக்கணக்கில் தூங்காமல் பயந்துகொண்டிருந்தால் யாருக்குத்தான் பசிக்கும்? மனநல மருத்துவத்தில் இதற்கு 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயரே இருக்கிறது. 1960-ல் டாக்டர் என்.என். விக் வைத்தது.

இந்தப் பயத்தை வைத்துத்தான் லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் வைத்தியர்கள் பிழைக்கிறார்கள். "இளமையில் செய்த தவறா?" என்ற ஒரு வரி போதும். ஐஸ் பெட்டி தூக்கிச் சம்பாதித்த கூலி லேகியத்துக்குப் போய்விடும். ஆண்மை மருந்து விளம்பரங்களை 1954-ஆம் வருடச் சட்டமே தடை செய்திருக்கிறது. நம் ஊர்ச் சுவர்களைப் பார்த்தால் அப்படித் தெரியாது.

"இதையெல்லாம் நாமளே சொன்னா கெட்டுப்போயிட மாட்டானா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். பாலியல் கல்வி பிள்ளைகளின் பாலுறவை அதிகப்படுத்துவதில்லை என்று யுனெஸ்கோ 2018-ல் வெளியிட்ட வழிகாட்டியே சொல்கிறது. சொல்லாமல் விட்டால்தான் சிக்கல். 18 வயதுக்குட்பட்ட பெண்ணின் சம்மதம், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தில் செல்லாது என்பது பல பையன்களுக்கு வழக்கு வந்த பிறகுதான் தெரிகிறது. அதே சட்டம் தங்களுக்கும் பாதுகாப்பு, தொந்தரவு செய்பவர் யாராக இருந்தாலும் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசலாம் என்பதும் தெரியாது.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகும் அப்பாக்கள் அப்போது கரையில் இருப்பார்கள். பாடமெல்லாம் எடுக்க வேண்டாம். வலையைச் சரிபார்க்கும்போது "தூக்கத்துல அப்படி ஆகும்டா, எனக்கும் ஆச்சு, ஒண்ணும் இல்ல" என்றால் பாதிப் பயம் போய்விடும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவையுங்கள். விதையில் திடீரென்று கடும் வலி வந்தால் அது விதை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால் பெரும்பாலும் விதையைக் காப்பாற்றிவிடலாம். பையன்கள் வெட்கப்பட்டு வயிற்று வலி என்று சொல்லிப் படுத்துவிடுகிறார்கள். ராத்திரியானாலும் காலையில் பார்க்கலாம் என்று விடாமல், உடனே ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.