கெம்பஸ் புள்ளையள் நம்மட ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வரணுமெண்டா என்ன செய்யணும்?

மட்டக்களப்பு மாவட்டத்தில படுவான்கரை, வாகரைப் பக்கத்துத் தாய்மார் கேக்கிற கேள்வி இது. டவுன் பக்கம் கெம்பஸ் புள்ளையள் வந்து சின்னாக்களுக்குப் படிப்பிச்சுக் குடுக்காங்களாம், எங்கட ஊருக்கு ஏன் வாறேல்ல, இது கவர்மெண்ட் திட்டமா எண்டு.

இதில ரெண்டு விசயம் கலந்து கிடக்கு. ஒண்டு உரிமை. 5 வயசில இருந்து 16 வயசு வரைக்கும் புள்ளைய பள்ளிக்கூடம் அனுப்பியே ஆகணும் (2016க்கு முதல் இது 14 வயசாத்தான் இருந்த), பாடப்புத்தகம் 1980ல இருந்து சும்மா, யூனிபோம் துணியும் சும்மா, ஆரம்பப் பிரிவுக்கு சாப்பாட்டுத் திட்டமும் இருக்கு. இதுக்கெல்லாம் ஆருக்கும் நன்றி சொல்லத் தேவல்ல, வரல்லெண்டா அதிபரிட்ட கேளுங்க, அங்க சரிவரல்லெண்டா வலயக் கல்வி அலுவலகத்தில கேளுங்க.

மற்றது கெம்பஸ் உதவி. வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகமோ ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமோ, அந்தப் புள்ளையள் வாறது தாங்களா விரும்பித்தான், இந்த ஊருக்குப் போ எண்டு ஆரும் லிஸ்ட் போட்டு அனுப்புறேல்ல, அதால கேக்கிற பள்ளிக்கூடத்துக்கும் பஸ் போற ரோட்டோரப் பள்ளிக்கூடத்துக்கும்தான் வாறாங்க, உள்ளுக்க இருக்கிற ஊர் விடுபட்டுப் போகுது. தாழங்குடா, அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரியில டீச்சராக வரப் படிக்கிற ஆக்கள் வேற மாதிரி. அவங்கட மூண்டு வருசப் படிப்பில கடைசி வருசம் பள்ளிக்கூடத்திலதான் பயிற்சி, அது அரசாங்க ஒழுங்கு. எங்களுக்கும் ஆரம்பக் கல்வி படிச்ச ஒராளைத் தாங்க எண்டு அதிபர் வலயத்தில முன்கூட்டியே கேட்டு வைக்கலாம்.

பல்கலைக்கழகத்துக்கெண்டா பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில பேசி, அதிபர் கையெழுத்தோட பீடாதிபதிக்கு ஒரு கடிதம், வலயத்துக்கு ஒரு கொப்பி. வெளியாக்கள் வகுப்புக்குள்ள வாறதுக்கு வலயத்திட அனுமதி எடுத்து வைக்கிறது எல்லாருக்கும் நல்லம். அவங்க படிப்பிக்கிற நேரம் வகுப்பில நம்மட டீச்சர் ஒராளும் இருக்கணும். பெனர் கட்டி, நாலு கொப்பி குடுத்து, ஃபோட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில போட்டுட்டுப் போற கூட்டமும் இருக்கு, அதுக்கு ஒரு நாள் பாடத்தை விடத் தேவல்ல.

என்ன கேக்கிறதெண்டதுதான் முக்கியம். எல்லாரும் கேக்கிறது அஞ்சாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப் கருத்தரங்கு. எனக்கு அதில பெரிய விருப்பமில்ல. அந்தச் சோதனை ரெண்டு பேப்பர், 200 மார்க்ஸ், கட்டாயமும் இல்ல. வெட்டுப்புள்ளிக்கு மேல எடுத்து, குடும்ப வருமானமும் எல்லைக்குள்ள இருந்தாத்தான் மாசக் காசு, அதுக்கு கிராம சேவகர்ட வருமானச் சான்றிதழும் வேணும். ஆனா மூண்டாம் ஆண்டுப் புள்ளைக்கிட்ட தமிழ்ப் புத்தகத்தக் குடுத்து வாசிக்கச் சொல்லிப் பாருங்க, கடகடண்டு போகும், மறுகா படத்தைக் கையால மறைச்சுப் பாருங்க, சத்தம் நிண்டுரும். படத்தைப் பார்த்துப் பாடமாக்கினதச் சொல்லுது, வாசிக்கல்ல. அதுக்குப் பிறகு ஆயிரம் வினாத்தாள் குடுத்து என்ன? அதால ரெண்டாம், மூண்டாம் ஆண்டுக்கு வாசிப்பு, கிழமைக்கு ஒரு நாள், அதே ஆக்கள் ஒரு தவணைக்கு எண்டு கேளுங்க.

வாசிப்பில தொடங்கச் சொல்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. பல்கலைக்கழக அனுமதியில கூடுதலான பாடநெறிக்கு 40 வீதம் முழு நாட்டுத் திறமைப்படி, 55 வீதம் மாவட்ட அடிப்படையில, 5 வீதம் கல்வியில பின்தங்கின 16 மாவட்டத்துக்கு, அதில மட்டக்களப்பும் இருக்கு, அம்பாறையும் இருக்கு. ஆனா அந்த 5 வீதத்துக்குப் போக புள்ளை ஏ.எல். வரைக்கும் வந்து சேரணுமே.

கடிதத்தை தவணை தொடங்க முதலே அனுப்புங்க, கெம்பஸில சோதனை நேரமெண்டா ஒருத்தரும் வர ஏலாது. 2014ல மண்முனைப் பாலம் திறந்ததோட கொக்கட்டிச்சோலைப் பக்கம் போறது லேசு, அதுக்கும் உள்ளுக்க எண்டா பஸ் குறைவு. அதால கடைசி பஸ் எத்தினை மணிக்கெண்டும், பகல் சாப்பாடு நாங்க தாறமெண்டும் கடிதத்திலயே எழுதிருங்க.