இணையப் பக்கம் மறுமுனையில்தான் உருவாகிறது

நீர்ச் சுழற்சி பாடத்துக்காக ஒரு பக்கம் செய்தேன். தலைப்பு, நான்கு பத்தி, நடுவில் ஒரு படம், அவ்வளவுதான். வீட்டுக் கணினியில் திறந்து பார்த்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. பக்கத்தின் ஃபைலையும் படத்தையும் பென் டிரைவில் எடுத்துப் போய் வகுப்புக் கணினிகளில் ஏற்றினேன். எழுத்து வந்தது, படம் வரவில்லை. படம் இருக்க வேண்டிய இடத்தில் கிழிந்த தாள் மாதிரி ஒரு சின்ன அடையாளம் மட்டும் நின்றது. “டீச்சர், படம் எங்கே?” என்று முதல் வரிசையிலிருந்து ஒரு குரல். எனக்குப் பதில் தெரியவில்லை. மாலை வீட்டுக்கு வந்து திறந்தால், படம் இருந்த இடத்திலேயே இருக்கிறது!

பக்கம் செய்யத் தொடங்கும் ஆசிரியர்களில் பலர் முதல் வாரத்திலேயே இந்த இடத்தில் வந்து நிற்பதைப் பிறகு பார்த்திருக்கிறேன். காரணம் சின்னதுதான். ஆனால் அது விளங்க வேண்டுமென்றால், இணையப் பக்கம் என்பது உண்மையில் என்ன பொருள் என்று முதலில் தெரிய வேண்டும்.

கணினியில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு யு விசையைத் தட்டிப் பாருங்கள். பெரும்பாலான உலாவிகளில் (குரோம், எட்ஜ் போன்று பக்கத்தைத் திறந்து காட்டும் மென்பொருள்களில்) இன்னொரு தாள் திறக்கும். அதில் வண்ணம் இல்லை, படம் இல்லை, வெறும் எழுத்துதான். சர்வரிலிருந்து, அதாவது பக்கங்களை வைத்திருந்து கேட்பவருக்கு அனுப்பும் கணினியிலிருந்து, உங்கள் கணினிக்கு முதலில் வந்து சேர்ந்தது அந்த எழுத்து மட்டுமே. நீங்கள் கண்ணால் பார்த்த அழகான பக்கத்தை அதை வைத்துக் கட்டியது உங்கள் கணினியில் இருக்கும் உலாவி.

ஆசிரியர்களுக்கு இதைச் சொல்ல என்னிடம் ஒரே ஓர் உதாரணம்தான் உண்டு: சொல்வதெழுதுதல். நீங்கள் வகுப்பில் நின்று சொல்கிறீர்கள்: “தலைப்பு, நீர்ச் சுழற்சி. அடுத்த வரி. கடல் நீர் வெயிலில் ஆவியாகிறது.” பிள்ளைகள் எழுதுகிறார்கள். ஒருத்தியின் நோட்டு பெரியது, இன்னொருவனுடையது சிறியது. கையெழுத்து ஆளுக்கு ஒரு விதம். ஆனாலும் எல்லா நோட்டிலும் அதே தலைப்பு, அதே பத்தி. இன்னொன்றையும் கவனியுங்கள். “தலைப்பு”, “அடுத்த வரி” என்று நீங்கள் சொன்னதை யாரும் நோட்டில் எழுதிவைப்பதில்லை. எது பாடம், எது கட்டளை என்று உங்கள் குரலின் ஏற்ற இறக்கத்திலேயே அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

உலாவிக்குக் குரல் கேட்காது. அதனால் கட்டளையைக் கோணக் குறிகளுக்குள் போட்டுக் கொடுக்கிறோம். அதற்குப் பெயர் டேக். இங்கே தமிழ் ஒலியில் காட்டுகிறேன், தட்டும்போது டேக்கின் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்:

<எச்1>நீர்ச் சுழற்சி</எச்1>
<பி>கடல் நீர் வெயிலில் ஆவியாகிறது.</பி>

எச்1 என்றால் முதல் நிலைத் தலைப்பு. பி என்றால் பத்தி. சாய்கோடு போட்டது “இதோடு முடிந்தது” என்கிறது. இந்த மாதிரி டேக்குகளால் எழுதும் முறைக்குத்தான் எச்டிஎம்எல் என்று பெயர். நோட்பேடில் இந்த இரண்டு வரியைத் தட்டி, ஃபைல் பெயரின் கடைசியில் புள்ளி வைத்து எச்டிஎம்எல் என்று சேர்த்துச் சேமித்தால், அது இணையப் பக்கம்தான். இருமுறை சொடுக்குங்கள், உலாவியில் திறக்கும்.

இது ஏன் இப்படி அமைந்தது என்பதற்குப் பின்னால் ஒரு தேவை இருக்கிறது. ஜெனீவாவுக்கு அருகே செர்ன் என்ற இயற்பியல் ஆய்வுக்கூடம் உண்டு. பல நாட்டு ஆய்வாளர்கள், பல வகைக் கணினிகள். ஒரு கணினியில் எழுதிய ஆவணம் இன்னொன்றில் ஒழுங்காகத் திறக்காது. அங்கே வேலை செய்த டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் இதற்கு ஒரு வழியை முன்மொழிந்தார். எல்லார் திரையும் ஒரே மாதிரி இருக்கும் என்று நம்ப அவருக்கு வழியே இல்லை. எனவே, இது தலைப்பு, இது பத்தி, இது இணைப்பு என்று மட்டும் ஆவணம் சொல்லட்டும், எப்படிக் காட்டுவது என்பதை அந்தந்தக் கணினி பார்த்துக்கொள்ளட்டும் என்று வைத்தார். 1991-இல் அவர் விவரித்த டேக்குகள் மொத்தமே 18. முதல் சர்வராக ஓடியது அவருடைய மேசைக் கணினி. யாராவது அணைத்துவிடக் கூடாதே என்று, இது சர்வர், அணைக்காதீர்கள் என்று கையால் எழுதி அதன்மேல் ஒட்டியிருந்தார். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் இந்தத் தொழில்நுட்பத்தை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. நோட்பேடில் நீங்கள் தட்டும் டேக்குக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்றால், அதற்குக் காரணம் அந்த நாள்.

சரி, தட்டத் தொடங்கியதும் புதியவர்களைக் குழப்புவது இடைவெளி. எண்டர் விசையை ஐந்து முறை தட்டியும் திரையில் ஒரு வரிகூட இறங்காது. நீங்கள் மூச்சு வாங்க நிறுத்துவதைப் பிள்ளைகள் புதுப் பத்தியாக எடுத்துக்கொள்வதில்லை அல்லவா? உலாவியும் அப்படித்தான். எத்தனை இடைவெளி விட்டாலும் ஒன்றாகச் சுருக்கிவிடும். புதுப் பத்தி வேண்டுமென்றால் பத்தி டேக்கைப் போட வேண்டும்.

அடுத்தது, மூடாத டேக். தடித்த எழுத்துக்கான டேக்கைத் திறந்துவிட்டு மூட மறந்தால், அதற்குப் பிறகு வரும் எல்லாமே தடித்துப்போகும். பிழை என்று உலாவி ஒரு வார்த்தை சொல்லாது. தப்பாக எழுதினாலும் முடிந்தவரை ஊகித்துக் காட்டிவிடும். எப்படி ஊகிக்க வேண்டும் என்பதற்கும் எச்டிஎம்எல் தரநிலையிலேயே விதி எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த உலாவியில் திறந்தாலும் ஒரே மாதிரி வர வேண்டும் என்பதற்காக. அதனால் திரையில் ஏதாவது கோணலாகத் தெரிந்தால், கோணல் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் போய்த் தேடுங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு சாய்கோடு விட்டுப்போயிருக்கும்.

இப்போது படத்துக்கு வருவோம். எச்டிஎம்எல் ஃபைலுக்குள் பொதுவாகப் படம் இருப்பதில்லை. படம் எங்கே இருக்கிறது என்ற முகவரிதான் இருக்கிறது. அந்த முகவரியைப் படித்ததும் உலாவி தனியாகப் போய் அந்தப் படத்தை எடுத்துவருகிறது. நான் எழுதிய முகவரி என் கணினியின் சி டிரைவில் தொடங்கி, என் பெயரில் உள்ள ஃபோல்டருக்குள் போய் முடிந்தது. வகுப்புக் கணினியில் இருந்த உலாவி நான் சொன்னபடியே செய்தது. தன்னுடைய சி டிரைவுக்குப் போய், என் பெயரில் ஒரு ஃபோல்டரைத் தேடியது. அது அங்கே எப்படி இருக்கும்? படம் அதே கணினியில் பக்கத்திலேயே இருந்தும் கிடைக்காமல் போனது அதனால்தான்.

தீர்வு எளிது. பக்கத்தையும் படத்தையும் ஒரே ஃபோல்டரில் போடுங்கள், முகவரியில் படத்தின் பெயரை மட்டும் எழுதுங்கள். “என் பக்கத்திலேயே இருக்கிறது” என்று பொருள். ஃபோல்டரை எங்கே தூக்கிப்போனாலும் முகவரி சரியாகவே இருக்கும். அப்புறம் ஒன்று: ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் விண்டோஸுக்கு ஒன்றுதான். ஆனால் பெரும்பாலான சர்வர்கள் ஓடுவது லினக்ஸில், அதற்கு இரண்டும் வேறு வேறு. வீட்டில் தெரிந்த படம் சர்வரில் ஏற்றியதும் காணாமல் போனால் முதலில் இதைத்தான் சந்தேகப்படுவேன். ஃபைல் பெயர்களை எப்போதும் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள்.

படத்தின் அளவையும் சொல்லிவிடுகிறேன். ஃபோனில் எடுத்த படம் 4000-க்கு 3000 புள்ளி (பிக்ஸல்) என்றால் மொத்தம் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். பக்கத்தில் அதை 800-க்கு 600 ஆகக் காட்டினால் வேண்டியது 4 லட்சத்து 80 ஆயிரம்தான். 25 மடங்கு அதிகம் அனுப்புகிறோம். டேக்கில் அகலத்தைக் குறைத்து எழுதினால் படம் சின்னதாகத் தெரியுமே தவிர, முழுப் படமும் இறங்கிய பிறகுதான் உலாவி அதைச் சுருக்குகிறது. இணையம் மெதுவாக உள்ள பிள்ளைக்கு அந்தப் பக்கம் திறக்கவே திறக்காது. ஏற்றும் முன்பே படத்தைச் சுருக்கிவிடுங்கள்.

தமிழில் பக்கம் செய்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் எழுத்து. கணினி எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணைத்தான் சேமிக்கிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் பொதுப் பட்டியலான யூனிகோடில் க என்ற எழுத்தின் எண் 2965. இணையத்தில் பரவலாக உள்ள யூடிஎஃப்-8 முறையில் அது 224, 174, 149 என்று மூன்று பைட்டாக, அதாவது கணினி சேமிக்கும் மூன்று சிறு அலகுகளாகப் போகிறது. பள்ளி என்ற சொல்லில் ப, ள, புள்ளி, ள, இகரக் கொக்கி என்று ஐந்து குறிகள், ஆக 15 பைட். மறுமுனையில் உள்ள உலாவிக்கு இது யூடிஎஃப்-8 என்று தெரியாமல் போனால், மூன்று பைட்டையும் மூன்று தனி எழுத்தாகப் படித்து, தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகளாகக் கொட்டிவிடும். பக்கத்தின் தலைப்பகுதியில் (திரையில் தெரியாமல் உலாவிக்குக் குறிப்பு சொல்லும் தொடக்கப் பகுதி), முதல் 1024 பைட்டுக்குள், யூடிஎஃப்-8 என்று அறிவிக்கும் ஒரு வரியைச் சேர்த்தால் போதும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பாடக் குறிப்புகள் வேறு கதை. பாமினியில் அம்மா என்று தட்டினால் கணினிக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள்தான். அந்த எழுத்துரு உள்ள கணினியில் மட்டும் அது தமிழாகத் தெரியும். அப்படிப்பட்ட குறிப்புகளை முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் பக்கத்தில் ஒட்ட வேண்டும்.

ஃபோனுக்கும் ஒரு வரி தேவை. உங்கள் பக்கம் சின்னத் திரைக்கும் பொருந்தும் என்று சொல்லாவிட்டால், ஃபோன் உலாவி அதைக் கணினிக்கான பக்கம் என்று எடுத்துக்கொண்டு, பொதுவாக 980 புள்ளி அகலத்தில் கட்டி, பிறகு திரைக்குள் அடங்கும்படி சுருக்கிவிடும். எழுத்து கடுகாகிவிடும். தலைப்பகுதியில் வியூபோர்ட் என்ற வரியைச் சேர்த்தால் சரியாகிவிடும்.

வண்ணம், எழுத்தின் அளவு, ஓரம் எல்லாம் சிஎஸ்எஸ் என்ற தனி ஏட்டின் வேலை. 1994-இல் நார்வேயைச் சேர்ந்த ஹோகன் வியம் லீ முன்மொழிந்தது. அதை நிதானமாகக் கற்றுக்கொள்ளலாம், அவசரமில்லை.

அவசரம் என்று நான் நினைப்பது வேறொன்று. தலைப்பைப் பெரிதாகக் காட்டினால் போதும் என்று பலர் சாதாரணப் பத்தியையே தடித்த பெரிய எழுத்தாக்கிவிடுகிறார்கள். கண்ணுக்குத் தலைப்பு மாதிரிதான் இருக்கும். ஆனால் பார்வையற்ற மாணவி திரைவாசிப்பான் மென்பொருளின் துணையோடு பக்கத்தைக் காதால் படிக்கிறாள். நாம் கண்ணால் பக்கத்தை மேய்வது போல, அவள் ஒரு விசையைத் தட்டித் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவுகிறாள். தலைப்பு டேக் இல்லையென்றால் தாவ இடமே இல்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை முழுவதையும் கேட்க வேண்டும். “இங்கே சொடுக்கவும்” என்று பத்து இணைப்பு வைத்தால், இணைப்புகளின் பட்டியலைக் கேட்கும்போது அவள் காதில் “இங்கே” என்பது பத்து முறை விழும். “ஆவியாதல் பயிற்சித் தாள்” என்று எழுதினால் எங்கே போகிறோம் என்று தெரியும். படத்துக்கு மாற்று உரை என்று ஓர் இடம் உண்டு. அதில் “படம் 1” என்று எழுதாமல், “கடலிலிருந்து ஆவி எழுந்து, மேகமாகி, மலைமேல் மழையாக விழுகிறது” என்று எழுதுங்கள். பக்கத்தின் மொழி தமிழ் என்று தொடக்க டேக்கில் குறித்துவிட்டால், தமிழ்க் குரலில் படிக்க வேண்டும் என்று மென்பொருளுக்கும் தெரியும்.

டேக்கைக் கையால் தட்டாமல், பக்கம் செய்துதரும் செயலிகளில் செய்கிறவர்களுக்கும் இது பொருந்தும். அந்தச் செயலிகள் உங்களுக்குப் பதிலாகச் சொல்வதெழுதுதலை எழுதித் தருகின்றன, அவ்வளவுதான். அங்கே எழுத்தைத் தேர்ந்தெடுத்துப் பெரிதாக்காமல், மெனுவில் தலைப்பு என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

பக்கத்தை எல்லாரும் பார்க்கும்படி ஏற்றும்முன் இன்னொன்றை யோசியுங்கள். திறக்கிற ஒவ்வொருவரின் கணினிக்கும் ஒரு நகல் போகிறது என்றால், நீங்கள் சர்வரிலிருந்து அழித்தாலும் போன நகல் திரும்பி வராது. பிள்ளைகளின் முழுப் பெயர், முகம் தெரியும் படம், மதிப்பெண் பட்டியல், எதையும் பொதுப் பக்கத்தில் போடாதீர்கள். பெற்றோர் சம்மதம் இருந்தாலும் நான் போடமாட்டேன்.

டிம் பெர்னர்ஸ்-லீயின் முதல் இணையதளத்தை 2013-இல் செர்ன் அதன் பழைய முகவரியிலேயே மீண்டும் வைத்தது. அந்தப் பக்கத்தைத் திறந்து கன்ட்ரோலும் யுவும் தட்டிப் பாருங்கள். தலைப்பு, பத்தி, பட்டியல், இணைப்பு. அது எழுதப்பட்டபோது பிறந்தே இராத உலாவிகள் இன்று அதைப் படித்து அப்படியே கட்டித் தருகின்றன.