கிழியாத விழித்திரைக்கு எதற்குச் சிகிச்சை?

பிள்ளைக்கு ஸ்டிக்லர் நோய்க்குறி என்று உறுதியானதும், விழித்திரையின் ஓரத்தை உறையவைத்துவிடலாம் என்கிறார் கண் மருத்துவர். பெற்றோர் உடனே கேட்கிறார்கள்: கிழியவே இல்லையே, பிறகு எதற்கு? நியாயமான கேள்விதான்.

1965-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் குன்னர் ஸ்டிக்லர் விவரித்த பரம்பரை இணைப்புத்திசுக் கோளாறு இது. அண்ணப் பிளவு, உள்ளடங்கிய கீழ்த்தாடை, காது மந்தம், சின்ன வயதிலேயே மூட்டு வலி, பிறவியிலேயே கனத்த கிட்டப்பார்வை எனப் பல முகங்களில் வரும். அதிகம் காணப்படும் முதல் வகையில் பழுது இருப்பது இரண்டாம் வகை கொலாஜன் என்ற புரதத்துக்கான சிஓஎல்2ஏ1 மரபணுவில். குருத்தெலும்புக்கும் கண்ணுக்குள் இருக்கும் விட்ரியஸ் கூழுக்கும் இந்தக் கொலாஜன்தான் சட்டகம். ஆனால் வளர்ந்த குருத்தெலும்பு அந்த மரபணுவின் இரண்டாம் எக்ஸான் என்ற துண்டை வெட்டிவிட்டுப் படிக்கும், கண் அதையும் சேர்த்தே படிக்கும். அதனால் பிழை அந்தத் துண்டில் மட்டும் இருந்தால் மூட்டு, காது, முகம் பெரும்பாலும் தப்பிவிடும், கண் மட்டும் மாட்டிக்கொள்ளும். இப்படிப்பட்டவர்களைத்தான் ‘பவர் கொஞ்சம் ஜாஸ்தி’ என்று கண்ணாடி மட்டும் கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று வீட்டில் பழிபோடுவதும் நடக்கிறது. முதல் வகைக்கு அது பொருந்தாது. பழுதான பிரதி ஒன்றே போதும், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50% வாய்ப்பு. சொந்தத் திருமணம் கணக்கில் வருவது, இரு பிரதியும் பழுதாக வேண்டிய அரிய வகைகளில்தான்.

இனி கிழிசல். விழித்திரை பின்சுவரில் பசை போட்டு ஒட்டப்பட்டதல்ல. அதன் அடியிலுள்ள நிறமிச் செல்கள் இடைவிடாமல் நீரை உறிஞ்சி வெளியேற்றுவதாலும், மெல்லிய ஒட்டுப்பொருளாலும் அது படிந்து நிற்கிறது. உறுதியாகப் பிடித்திருக்கும் இரண்டே இடங்கள்: பின்னால் பார்வை நரம்பு, முன்னால் ‘ஓரா செராட்டா’ எனப்படும் ரம்பப்பல் விளிம்பு. முதல் வகை ஸ்டிக்லர் கண்ணில் விட்ரியஸ் கூழ் முழுதாக உருவாவதில்லை. லென்ஸுக்குப் பின்னால் கொஞ்சம் எச்சமும் ஒரு சவ்வும்தான், மீதியெல்லாம் நீர். இழுவிசை விழுவது முன் விளிம்பில். அங்கே கிழிந்தால் கடிகார முகப்பில் மூன்று மணி நேர அளவுக்கு, அதாவது 90 டிகிரிக்கு மேல், ஒரே வீச்சில் கிழிந்துவிடக்கூடும். இதை ராட்சதக் கிழிசல் என்கிறார்கள். பின்பக்க மடலைத் தாங்கக் கூழ் இல்லாததால் அது அப்படியே சுருண்டு மடங்கும். அதை விரித்துப் படியவைக்கக் கனத்த பெர்ஃபுளூரோகார்பன் திரவமும் சிலிக்கான் எண்ணெயும் தேவைப்படும், அப்படியும் பார்வை முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது.

கிழியப்போகும் இடம் முன்கூட்டியே தெரிகிறது, இதுதான் இந்த நோயில் நமக்குக் கிடைத்த ஒரே சாதகம். கோரைப்பாய் பிரியாமலிருக்க ஓரத்தில் துணி வைத்துத் தைப்பதுபோல, விளிம்பை மட்டும் சுற்றிலும் இறுக்கிவிடலாம். கேம்பிரிட்ஜ் ஆடன்புரூக் மருத்துவமனை உருவாக்கிய முறை இது. குழந்தை என்றால் முழு மயக்கம் கொடுப்பார்கள். உறையவைக்கும் கருவியான கிரையோவின் முனையைக் கண்ணின் வெளிச்சுவரில் வைத்து உள்நோக்கி அழுத்த வேண்டும். கருவிழி ஓரத்திலிருந்து சுமார் 6–7 மி.மீ. பின்னால், நீண்ட கண்ணில் இன்னும் சற்றுக் கூடும். அழுத்தத்தில் நைட்ரஸ் ஆக்சைடு நுண்துளை வழியே விரியும்போது முனை கடுமையாகக் குளிரும். மருத்துவர் தலையில் மாட்டிய விளக்குக் கருவியில் பார்த்துக்கொண்டே இருப்பார். விழித்திரை லேசாக வெளுத்த அந்த நொடியில் நிறுத்த வேண்டும். பனி முழுதும் உருகும்வரை முனையை அசைக்கக் கூடாது. அவசரப்பட்டு இழுத்தால் விழித்திரைக்கு அடியிலுள்ள ரத்தநாளப் படலமான கோராய்டில் ரத்தம் கசியும். பிறகு அடுத்த புள்ளி, முந்தியதைத் தொட்டபடி. இப்படி 360 டிகிரியும்.

உறைந்த இடத்துச் செல்கள் இறந்து, இரண்டு வாரத்துக்குள் விழித்திரையும் அடிப்படலமும் தழும்பாகப் பிணைந்துவிடும். அது ஓரப்பார்வையின் கடைக்கோடி என்பதால் நோயாளி இழப்பை உணர்வதில்லை. இரண்டு புள்ளிக்கு நடுவே இடைவெளி விட்டால் கிழிசல் அங்கே புகும். பட்டை விளிம்பைத் தொடாமல் பின்னால் தள்ளிப்போனாலும் அதே கதி. அளவுக்கு மீறி உறையவைத்தால் நிறமிச் செல்கள் கண்ணுக்குள் சிதறும், அவை பின்னால் சவ்வாக வளர்ந்து விழித்திரையைச் சுருக்கக்கூடும்.

பலன் உண்டா? 487 முதல்வகை நோயாளிகளின் பதிவுகளை வைத்துக் கேம்பிரிட்ஜ் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வில், இரு கண்ணிலும் தடுப்பு செய்யாதவர்களுக்கு விழித்திரை சுவரிலிருந்து விலகும் அபாயம், செய்தவர்களைவிட 7.4 மடங்கு. வயது முதலியவற்றைப் பொருத்திக் கணக்கிட்டால் ஏறத்தாழ 5 மடங்கு. பழைய பதிவுகள்தானே, சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனை இல்லையே என்பது எதிர்வாதம். அது சரியே. ஆனால் இவ்வளவு வேறுபாடு தெரிந்தபின் பாதிக் குழந்தைகளைச் சும்மா விட்டுப் பார்க்க எந்த நெறிமுறைக் குழு ஒப்பும்? பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தும் நீண்டகாலப் பதிவேட்டுக்குப் பணம் ஒதுக்குவதுதான் உருப்படியான வழி. லேசரால் வளையமிடுவோரும் உண்டு. மார்ஃபான் நோய்க்குறி என்ற இன்னொரு இணைப்புத்திசுக் கோளாறில் பழுதாவது ஃபிப்ரில்லின் என்ற வேறு புரதம், அங்கே கிழிசல் ஒரே இடத்தில் வருவதில்லை. ஆகவே இந்த வளையத்தை அப்படியே அங்கு பொருத்த முடியாது.

சிகிச்சைக்குப்பின் சில நாள் இமை வீங்கும், கண் சிவக்கும். பட்டைக்குப் பின்னால் புதுக் கிழிசல் வரலாம் என்பதால் கண்பாப்பாவை மருந்திட்டு விரித்துப் பார்க்கும் ஆண்டுப் பரிசோதனை நிற்கக் கூடாது. திடீரெனக் கரும்புள்ளிகள், மின்னல், ஓரத்தில் திரை விழுவது போன்ற நிழல் என்றால் அன்றைக்கே விழித்திரை மருத்துவரிடம் போக வேண்டும். சின்னப் பிள்ளைகள் இதைச் சொல்ல மாட்டார்கள். ஒரு கண்ணில் பார்வை போனதே தெரியாமல் மறு கண்ணால் சமாளிப்பார்கள். வாரம் ஒருமுறை ஒவ்வொரு கண்ணாக மூடச்சொல்லி நாள்காட்டியைப் படிக்க வைத்துப் பாருங்கள். வளர்ந்தபின் லேசிக் என்ற லேசர் சிகிச்சை செய்து கண்ணாடியைக் கழற்றினாலும் மாறுவது கருவிழியின் வளைவு மட்டுமே. விழித்திரைக்கு உள்ள ஆபத்து துளியும் குறையாது.